குலைநோயும் ஆக்டினும்: ஒரு மறுப்பு

குலைநோய்ப் பூஞ்சை நெல் இலையில் துளை போட்டு ஒரு செல்லுக்குள் இறங்குகிறது. எதிர்ப்புள்ள ரகமாக இருந்தால் அந்தச் செல் தானாகவே செத்துப்போகிறது. உயிருள்ள செல்லில்தான் அந்தப் பூஞ்சைக்கு முதல் சில நாள் பிழைப்பு. அது கிடைக்காமல் போவதால் வந்த இடத்திலேயே முடங்கிவிடுகிறது, பயிர் தப்பிக்கிறது. இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்தச் சாவை நடத்திவைப்பது யார் என்று கேட்டால்தான் தகராறு தொடங்குகிறது.

வகுப்பறையில் கேட்டாலும் கருத்தரங்கில் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான். எதிர்ப்பு மரபணுவின் புரதம் பூஞ்சையை அடையாளம் கண்டு செய்தி அனுப்புகிறது. நொதிகள் செல்லைக் கொல்கின்றன. செல்லுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் புரத இழைகள் இருக்கின்றனவே, ஆக்டின் நுண்ணிழைகளும் நுண்குழல்களும் சேர்ந்த செல் சட்டகம், அது இந்தக் கதையின் கடைசியில்தான் தலைகாட்டும். அதுவும் நொறுங்கிப்போனது என்ற ஒற்றை வரியில். வீடு இடிந்தால் தூணும் விழும், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பது இந்தப் பார்வை. பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பாடத்தில் சட்டகத்தின் வேலை தாங்குவது, அசைவுக்கு உதவுவது, வடிவம் காப்பது. செல்லின் சாவில் அதற்கும் ஒரு வேலை உண்டு என்ற எண்ணமே மாணவனுக்கு வராது.

இந்தப் பார்வை தவறு என்பது என் வாதம். ஓரத்தில் கொஞ்சம் திருத்தினால் சரியாகிவிடுகிற தவறாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு செல் எப்போது சாக வேண்டும், எங்கே சாக வேண்டும் என்பதில் சட்டகம் தொடக்கத்திலிருந்தே கலந்துகொள்கிறது. சில செல்களில் அதன் நிலையைப் பார்த்துத்தான் சாவே தொடங்குகிறது.

தஞ்சாவூரை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் குலைநோய் பெரும் கொள்ளையாகப் பரவியதாக நோயியல் நூல்கள் முதலில் குறிப்பது 1919இல் தஞ்சை டெல்டாவில் நடந்ததைத்தான். 1922இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே தேர்ந்தெடுத்த ஏ.டி.டி. 10 குலைநோய்க்கு எளிதில் பணிந்துபோகும் ரகம். கோயம்புத்தூரில் ஆனைக்கொம்பன் நெல்லிலிருந்து பிரித்தெடுத்த கோ 4 எதிர்த்து நின்றது. இரண்டையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்ததுதான் கோ 25. மார்க்கர் கிடையாது, மரபணு வரிசை கிடையாது. நாற்றங்காலில் குனிந்து இலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் அது.

இலையில் என்ன பார்த்தார்கள்? இன்றைக்கும் உலகெங்கும் நெல் ஆய்வாளர்கள் இலைக் குலைநோய்க்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். புள்ளியே இல்லையென்றால் 0. ஊசி குத்தியது போன்ற பழுப்புப் புள்ளி என்றால் 1. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், பழுப்பு விளிம்போடு வட்டமான சாம்பல் புள்ளி என்றால் 3. இவையெல்லாம் எதிர்ப்பின் அடையாளம். இருபுறமும் கூராகி, நடுவில் சாம்பல் பூத்த கண் வடிவப் புள்ளி வந்துவிட்டால் ரகம் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒன்றோடொன்று சேர்ந்து இலை முழுவதும் கருகினால் 9. ஊசிமுனைப் புள்ளியிலும் செல் செத்திருக்கிறது, கண் வடிவப் புள்ளியிலும் செத்திருக்கிறது. முதலில் சொன்னதில் சாவு சீக்கிரம் வந்து ஓர் இடத்தோடு நின்றது. இரண்டாவதில் தாமதமாக வந்து பரவியது.

மார்கழிப் பனியில் ஆந்திரா பொன்னி வயலில் இலை கருகத் தொடங்கினால் பார்ப்பவருக்குப் பதைப்பது இயற்கை. யூரியாவை அள்ளிப் போட்ட வயலென்றால் கேட்கவே வேண்டாம். உரக்கடையில் போய்ப் ‘புள்ளி விழுந்திருக்கிறது’ என்றால் ட்ரைசைக்ளசோல் பொட்டலம் கைக்கு வந்துவிடும். எந்தப் புள்ளி என்று கேட்கிற கடைக்காரர் அபூர்வம். அந்த மருந்தே ஒரு வேடிக்கை. அது பூஞ்சையை நேராகக் கொல்வதில்லை. மெலனின் என்ற கருநிறமியைப் பூஞ்சை தயாரிக்கவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். மெலனின் இல்லாவிட்டால் இலையைத் துளைக்கும் அழுத்தம் அதற்குக் கூடிவராது.

அந்த அழுத்தம் சாமானியமானதில்லை. பனித்துளியில் முளைக்கும் பூஞ்சை வித்து, நுனியில் ஒரு குமிழை உண்டாக்குகிறது. அதற்குள் 80 வளிமண்டல அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த வித்தின் மூன்று செல்களும் இதற்குள் செத்துப்போகின்றன என்பது. 2006இல் நிக்கலஸ் டால்பட் குழுவினர் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் அந்தச் சாவைத் தடுத்துப் பார்த்தார்கள். வித்து தன்னைத்தானே செரித்துக்கொள்ளும் வேலையை நிறுத்தியதும், பூஞ்சையால் நோய் உண்டாக்கவே முடியவில்லை. 2020இல் சிங்கப்பூரில் நவீத் நக்வி குழுவினர், அந்தச் சாவு இரும்பை நம்பி நடப்பதையும், நுனிச் செல்லில் தொடங்கி வரிசையாக முழு வித்துக்கும் பரவுவதையும் காட்டினார்கள். 2012இல் டால்பட் குழுவினரே இன்னொன்றையும் காட்டியிருந்தார்கள். குமிழின் அடியில் செப்டின் என்ற சட்டகப் புரதம் வளையமாகச் சேர்கிறது. அது ஆக்டின் இழைகளை வட்டமாக நிறுத்திவைக்கிறது. அந்த வட்டத்தின் நடுவிலிருந்துதான் துளைக்கும் முளை கிளம்புகிறது. வித்தின் சாவையும் இந்த வளையத்தையும் நான் ஒரே முடிச்சில் கட்டவில்லை. அதற்குச் சான்று தனியாக வேண்டும். ஆனால் சாவு என்றால் தோல்வி, சட்டகம் என்றால் சும்மா நிற்கிற கம்பு என்ற இரண்டு நினைப்பையும் கழற்றி வைக்க இந்தப் பூஞ்சையே போதும்.

இனி நெல்லின் பக்கம். எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019இல் சீன விஞ்ஞானிகள் ஒரு தாவர எதிர்ப்புப் புரதத்தின் முழு வடிவத்தையும் கண்டார்கள். எதிரியை உணர்ந்ததும் அப்படிப்பட்ட ஐந்து புரதங்கள் சேர்ந்து ஒரு சக்கரமாகின்றன. அது செல் சவ்வில் செருகிக்கொண்டு கால்சியம் நுழையும் வாய்க்காலாக மாறுகிறது என்று 2021இல் தெரியவந்தது. வியட்நாமின் தெத்தெப் நெல்லிலிருந்து டி. ஆர். சர்மா குழுவினர் 2005இல் பிரித்தெடுத்த பி.ஐ. 54 உட்பட, குலைநோய் எதிர்ப்பு மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த புரதங்களுக்குரியவை. ஆகவே அவர்கள் சொல்வது: புரதம் ஓட்டை போடுகிறது, கால்சியம் பாய்கிறது, செல் சாகிறது, இதில் சட்டகத்துக்கு இடம் எங்கே?

கால்சியம் பாய்ந்ததற்கும் செல் செத்ததற்கும் நடுவே இருக்கும் மணி நேரங்களில்தான் இடம். எதிர்ப்பு மரபணு ஆராய்ச்சியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் வாய்க்கால் திறந்தது என்று சொன்னால் தொடக்கத்தைச் சொன்னதாகும், சாவைச் சொன்னதாகாது. அதே 2019இல், தென்கொரியாவில் ஜ்வா குழுவினர் நெல் இலையுறையில் குலைநோய்ப் பூஞ்சையை ஏற்றிப் பார்த்தார்கள். எதிர்ப்பு வெல்லும் சேர்க்கையில், செல்லுக்குள் இரும்பு சேர்ந்தது, வீரியமுள்ள ஆக்சிஜன் பெருகியது, சவ்வுக் கொழுப்பு பழுதானது, செல் செத்தது. இரும்பைப் பிடித்துவைக்கும் மருந்தைக் கொடுத்தால் சாவு குறைந்தது, எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆக்டின் இழை கட்டுவதைத் தடுக்கும் சைட்டோகலாசின் ஈ என்ற மருந்தைக் கொடுத்தபோதும் ஆக்சிஜன் பெருக்கம் அடங்கியது, கொழுப்புப் பழுதும் அடங்கியது, செல்லின் சாவும் மட்டுப்பட்டது.

இந்த முடிவு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சட்டகம் வெறும் தூண் என்றால், தூணை முன்கூட்டியே எடுத்துவிட்டால் என்ன நடக்க வேண்டும்? வீடு இன்னும் சீக்கிரம் விழ வேண்டும். அல்லது ஒரு மாற்றமும் இருக்கக் கூடாது. நடந்தது இரண்டும் இல்லை. சட்டகம் இல்லாததால் செல்லால் உரிய நேரத்தில் சாக முடியவில்லை. சாவுக்கு ஆக்டின் தேவைப்பட்டது. இந்த ஒரு முடிவை விழும் தூண் என்ற கதைக்குள் எப்படி அடக்குவது என்று அந்தக் கட்சியினர்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் ஒன்று சொல்லலாம்; நல்ல கேள்விதான். பூஞ்சைக்கும் ஆக்டின் உண்டே, மருந்து நெல்லை விட்டுப் பூஞ்சையை முடக்கியிருந்தால்? பூஞ்சை பலவீனப்பட்டால் நெல் எதிர்க்கவும் தேவையில்லை, செல் சாகவும் தேவையில்லை. இதற்குப் பழைய சோதனைகளில் பதில் இருக்கிறது. 1983இலேயே ஹேசனும் புஷ்னெலும் பார்லியில் சாம்பல் நோய்க்கு எதிரான செல் சாவைச் சைட்டோகலாசின் தடுப்பதைக் காட்டினார்கள். 1997இல் ஜப்பானின் கோபயாஷி குழுவினர், தமக்குரிய பயிரே அல்லாத தாவரங்களின் மேல் பல பூஞ்சைகளை விட்டுப் பார்த்தார்கள். சாதாரணமாக அவை அங்கே நுழையவே முடியாது. சைட்டோகலாசின் கொடுத்ததும் நுழைந்துவிட்டன. மருந்து பூஞ்சையை முடக்கியிருந்தால் இது நடக்குமா? தாவரத்தின் கைதான் கட்டப்பட்டிருந்தது. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா, தாவரச் செல்லுக்குள் அனுப்பும் புரதங்களில் ஒன்றை ஆக்டினைக் குலைப்பதற்கென்றே வைத்திருப்பது 2014இல் வெளிவந்தது. வெறும் இடிபாடாகப் போகிற பொருளைத் தேடிப் போய்த் தாக்க எந்தக் கிருமிக்கும் அவசியமில்லை.

இருந்தாலும் கிருமி என்று ஒன்று இருக்கிறவரை சந்தேகம் முழுதாகப் போகாது. கிருமியே இல்லாத ஓரிடத்துக்குப் போய்விடலாம். வயல்வெளியில் சிவப்பாகப் பூக்கும் ஒருவகைப் பாப்பிச் செடி, தன் மகரந்தம் தன் சூலகத்தில் விழுந்தால் அதைக் கொன்றுவிடுகிறது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நோனி ஃபிராங்க்ளின்-டாங் இந்தச் சாவோடு பல ஆண்டுகள் மல்லாடியவர். சொந்த மகரந்தம் என்று அடையாளம் தெரிந்ததும் மகரந்தக் குழாய்க்குள் கால்சியம் பாய்கிறது. சில நிமிடங்களில் ஆக்டின் இழைகள் உடைகின்றன. சாவு வந்துசேரப் பல மணி நேரம் ஆகிறது. முதலில் இழை, பிறகுதான் சாவு. ஆனால் முன்னால் நடந்தது என்பதாலேயே அது காரணமாகிவிடாது. அதற்குத்தான் 2006இல் அவரும் ஸ்டீவன் தாமஸ் முதலானோரும் சேர்ந்து செய்த சோதனை.

ஆக்டினை உடைக்கும் லாட்ரன்குலின், ஆக்டினை உடையவிடாமல் இறுக்கும் ஜாஸ்ப்ளாகினோலைடு, இரண்டும் கடற்பஞ்சிலிருந்து கிடைத்த நஞ்சுகள். சாவுக்கு எந்தக் கட்டளையும் வராத நல்ல மகரந்தத்தில் லாட்ரன்குலினைக் கொடுத்தார்கள். சாவின் நொதிச் செயல்பாடு விழித்துக்கொண்டது, மகரந்தம் செத்தது. ஜாஸ்ப்ளாகினோலைடைக் கொடுத்தாலும் அதே கதிதான். அடுத்து, சாவுக் கட்டளை ஏற்கெனவே பிறந்துவிட்ட மகரந்தத்தை எடுத்து, இழை உடையாமல் இருக்க ஜாஸ்ப்ளாகினோலைடைக் கொடுத்தார்கள். சாவு குறைந்தது. கட்டளை வந்திருக்கிறது, கால்சியம் வந்திருக்கிறது. இழை உடைவதைத் தடுத்ததும் செல்கள் பிழைக்கின்றன. ஒரே மருந்து நல்ல செல்லைக் கொல்கிறது, சாகவிருந்த செல்லைக் காக்கிறது. முரண்பாடு போலத் தெரியும். ஆக்டின் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, இழைகள் கட்டப்பட்டுக் கலையும் வேகத்தைச் செல் கணக்குப் பார்க்கிறது என்று எடுத்துக்கொண்டால் முரண்பாடு போய்விடும். அந்தக் கணக்கு எந்தப் பக்கம் பிசகினாலும் சாவு. பிசகியதை நேராக்கினால் உயிர். எனக்குத் தெரிந்தவரை, இந்த விவாதத்தில் இதைவிடச் சுத்தமான சோதனை இல்லை.

இன்னொரு தாவரச் சான்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஸ்ப்ரூஸ் மரத்தின் கருவில், கருவைத் தாங்கும் காம்புச் செல்கள் வேலை முடிந்ததும் வரிசையாகச் சாகின்றன. 2003இல் ஸ்மெர்டென்கோ, பொழ்கோவ் முதலானோர் அங்கே சட்டகத்தைப் பார்த்தபோது, நுண்குழல்கள் ஆரம்பத்திலேயே சிதறிவிட்டன. ஆக்டினோ தடித்த நெடுங்கயிறுகளாகத் திரண்டு நெடுநேரம் நின்றது. ஒரே செல், ஒரே சாவு, சட்டகத்தின் இரண்டு பகுதிகளுக்கு இரண்டு நடத்தை. இடிபாட்டில் இப்படி ஒழுங்கு இருக்காது.

விலங்குச் செல் ஆராய்ச்சியில் பிறந்த பழக்கம்தான் இந்தத் தூண் பார்வை என்று நினைக்கிறேன். 1972இல் கெர், வில்லி, கரி மூவரும் அப்போப்டோசிஸ் என்ற பெயரைக் கொண்டுவந்தபோது, செல் சுருங்கிக் கொப்புளம் கொப்புளமாகப் பிரிவதை நுண்நோக்கியில் பார்த்துத்தான் விவரித்தார்கள். அப்புறம் காஸ்பேஸ் நொதிகள் வந்தன. கவனமெல்லாம் அவற்றின் மேல் போனது. அந்த நொதிகள் ஜெல்சொலின், கெராட்டின், லாமின் என்று சட்டகப் புரதங்களை ஒவ்வொன்றாக வெட்டுவதைக் கண்டார்கள். வெட்டுப்பட்டது என்றால் பலியானது என்று எழுதிவிட்டார்கள். வெட்டியபின் அந்தத் துண்டு என்ன செய்கிறது என்று பார்த்தால் கதை வேறு. 1997இல் தெரிந்தது: வெட்டப்பட்ட ஜெல்சொலின் துண்டு சும்மா கிடப்பதில்லை, கட்டுப்பாடு நீங்கிப்போய் ஆக்டினை அறுக்கிறது. 2001இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டது இன்னும் முக்கியம். ராக் 1 என்ற நொதிக்கு ஒரு தடைப் பகுதி உண்டு. காஸ்பேஸ் அந்தத் தடையை மட்டும் வெட்டிவிடுகிறது. விடுபட்ட ராக் 1, ஆக்டினையும் மையோசினையும் முழு வலுவோடு இழுக்கவைக்கிறது. நுண்நோக்கியில் தெரிந்த அந்தக் கொப்புளங்கள் இந்த இழுவிசையில் பிறந்தவை. செல்லின் கருவைக் கிழித்துப் பிரிப்பதும் அதே இழுவிசைதான் என்று 2005இல் காட்டினார்கள். அதாவது செல் சாகும் நேரத்தில் சட்டகத்திடமிருந்து கடுமையான வேலை வாங்கப்படுகிறது.

அதற்கும் முந்தைய கட்டத்தில், தீர்ப்பு எழுதப்படும் இடத்திலும் சட்டகம் இருக்கிறது. மெல்போர்னில் ஆண்ட்ரியாஸ் ஸ்ட்ராசர் ஆய்வகத்தில் ஹம்சா புத்தலகத் முதலானோர் 1999இல் ஒன்றைக் கண்டார்கள். செல்லைக் கொல்லும் ‘பிம்’ என்ற புரதம், நுண்குழல்களில் ஓடும் டைனீன் மோட்டாரில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. சாவுச் செய்தி வந்ததும் அவிழ்கிறது. 2001இல் அதன் உறவினரான ‘பி.எம்.எஃப்.’ ஆக்டினில் ஓடும் மையோசின் மோட்டாரில் கட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். எல்லா வகைச் செல்லிலும் பிம் இப்படித்தான் என்று சொல்ல முடியாது; பின்னால் வந்த ஆய்வுகளில் மாற்றுக் கருத்துகள் உண்டு. சுடுகாட்டு மல்லி என்று நம் ஊரில் ஒதுக்கிவைக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருகிற வின்கிரிஸ்டின் நுண்குழலைக் கலைக்கிறது, பாக்ளிடாக்செல் நுண்குழலை உறையவைக்கிறது, இரண்டிலும் புற்றுநோய்ச் செல் சாகிறது. இதை என் கட்சிக்குச் சாட்சியாக இழுக்க ஆசைதான். ஆனால் அங்கே செல் பிரிதலே தடைப்படுவதால் சாவு வருகிறது என்று சொல்லிவிடலாம்; அது நியாயமும்கூட. இந்தச் சாட்சியை வற்புறுத்தவில்லை. சாவுக்குப் பிறகும் ஆக்டினுக்கு வேலை உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன். சவ்வு கிழிந்த செல்லில் வெளியே தெரியும் ஆக்டின் இழையைத்தான், டி.என்.ஜி.ஆர். 1 என்ற ஏற்பியின் மூலம் நம் நோயெதிர்ப்புச் செல்கள் ‘இங்கே ஒன்று செத்துக் கிடக்கிறது’ என்று அறிந்துகொள்கின்றன. 2012இல் வெளியான ஆய்வுகள் இவை.

தாவரச் செல்லில் காஸ்பேஸ் கிடையாது. சுவர் இருப்பதால் கொப்புளமாகப் பிரியவும் முடியாது, பக்கத்துச் செல் வந்து விழுங்கவும் முடியாது. செல்லின் நடுவில் இருக்கும் பெரிய நுண்குமிழ்ப் பை கிழிந்து அதன் நொதிகள் உள்ளிருந்தே செரிக்க வேண்டும். அந்தப் பையின் வடிவத்தையும் அசைவையும் பிடித்துவைத்திருப்பவற்றில் ஆக்டின் முக்கியமானது. எனவே விலங்குச் செல்லில் நொதியை நாயகனாக்கி எழுதிய கதையை நெல்லுக்கு அப்படியே பெயர்த்து வைப்பது இரட்டைத் தவறு. விலங்கிலேயே அந்தக் கதை முழுசாகப் பொருந்தவில்லை.

நெல் விஷயத்தில் இது ஏட்டுச் சண்டையாக நின்றுவிடாது. குலைநோய்ப் பூஞ்சைக்கு இரண்டு முகம். முதல் மூன்று நான்கு நாள் உயிருள்ள செல்லில் ஒட்டுண்ணி. பிறகு செத்த திசுவைத் தின்னும் சாவுண்ணி. முதல் நாளில் செல் செத்தால் பயிருக்கு லாபம், ஐந்தாம் நாளில் செத்தால் பூஞ்சைக்கு விருந்து. சாவு நல்லதா கெட்டதா என்பது முழுக்க நேரத்தைப் பொறுத்தது. நெல்லின் உடம்பில் இந்த நேரக் கணக்கு வேறு இடங்களிலும் ஓடுகிறது. சேற்றில் நிற்கும் வேருக்குக் காற்றுக் குழாய் வேண்டும் என்பதற்காகப் புறணிச் செல்கள் நடுவிலிருந்து தொடங்கிச் சாகின்றன. 1998இல் கவாய் குழுவினர் அந்த ஒழுங்கைச் செல் செல்லாகப் பிரித்துக் காட்டினார்கள். மகரந்தப் பைக்குள் மகரந்தத்துக்கு ஊட்டம் தரும் டபீட்டம் அடுக்கு உரிய நாளில் செத்தாக வேண்டும். அது முந்திச் செத்தால் மகரந்தம் மலடு. 1998இல் ஆடுதுறையிலிருந்து வெளியான ஏ.டி.டி.ஆர்.எச். 1 வீரிய ஒட்டு நெல்லின் பெண் வரிசை அப்படிப்பட்ட மலட்டுத்தன்மை உடையது. அந்த வகை மலட்டுத்தன்மைக்குக் காரணமான புரதம் டபீட்டத்தை நேரத்துக்கு முன்பே சாகவைப்பதை 2013இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். வேரிலும் பூவிலும் இந்த நேரத்தை ஆக்டின்தான் பிடித்துவைக்கிறது என்று இன்று நான் சொல்ல மாட்டேன். குலைநோயில் சொல்வதற்குச் சான்று இருக்கிறது.

நம் ஆய்வுப் பண்ணைகளில் குலைநோய் எதிர்ப்பு என்று பேச்செடுத்தால் எந்த மரபணு, எந்த மார்க்கர், எத்தனை மரபணுவை ஒரே ரகத்தில் அடுக்கலாம் என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது. அடுக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூஞ்சை தன் அடையாளப் புரதத்தை மாற்றிக்கொண்டால் மரபணு சில பட்டங்களிலேயே கண்ணிழந்துபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அடையாளம் காண்பதற்குப் பின்னால் நடக்கிற வேலை, இரும்பைச் சேர்ப்பது, ஆக்சிஜனைப் பெருக்குவது, செல்லை நேரத்துக்குச் சாகவைப்பது, அது பூஞ்சையின் எந்த இனம் வந்தாலும் பெரும்பாலும் பொதுவானது. அந்தப் பொது வேலையில் ஆக்டின் எப்படி நடந்துகொள்கிறது, ரகத்துக்கு ரகம் வேறுபடுகிறதா, இரவுக் குளிரிலும் மிகையான தழைச்சத்திலும் மாறுகிறதா என்று கேட்பதில் மேல்நாட்டு ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

செய்து பார்ப்பதும் கடினமில்லை. நெல் இளம்பயிரின் இலையுறையை உரித்து, உட்பள்ளத்தில் வித்துக் கரைசலை ஊற்றி வைக்கலாம். மேல்தோல் கண்ணாடி போலத் தெளிவானது. சாதாரண நுண்நோக்கியே போதும். ஒரே பூஞ்சை இனம், அதற்குப் பணியும் ஒரு ரகம், எதிர்க்கும் ஒரு ரகம். பூஞ்சை செல்லுக்குள் இறங்கியது கண்ணுக்குத் தெரிந்த பிறகு மட்டும் சைட்டோகலாசினைக் கொடுக்க வேண்டும். நுழைவைத்தான் மருந்து தடுத்தது என்ற ஆட்சேபம் அப்போது எழாது. 48 மணி நேரம் பார்க்க வேண்டும். எதிர்க்கும் ரகத்தில் ஆக்டின் தடைப்பட்டும் செல் வழக்கமான நேரத்தில் செத்துப் பூஞ்சை நின்றுவிட்டால், நான் எழுதியதை நெல்லைப் பொறுத்தவரை திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். செல் சாகாமல் கிடந்து, பூஞ்சை பக்கத்துச் செல்லுக்குள் போய்விட்டால், ரகங்களுக்கு மதிப்பெண் போடும் தாளில் ஆக்டினுக்கும் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும்.